தோற்றவர்கள் கூடிய ஆற்றங்கரை

1653ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டன் நகரின் ஃபிளீட் வீதியை அண்டியுள்ள புனித டன்ஸ்டன் தேவாலய முற்றத்தில், ரிச்சர்ட் மரியட் என்பவரின் புத்தகக் கடைக்குச் சிறு நூலொன்று விற்பனைக்கு வந்தது. விலை பதினெட்டுப் பென்ஸ். மேலங்கிப் பைக்குள் அடங்கிவிடும் அளவு. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் இல்லை. மண்புழுவை எப்படிப் பதப்படுத்தி வைப்பது, எந்த மீன் எந்த நீரில் நிற்கும், பிடித்ததை எப்படிச் சமைப்பது என்றெல்லாம் சொல்லும் நூல் அது. 'த கொம்ப்ளீட் ஆங்ளர்' என்பது பெயர். 'தேர்ந்த தூண்டிற்காரர்' என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு புடைவை வணிகர், ஐசாக் வோல்ற்றன். ஆங்கிலத்தில் மிக அதிகமான பதிப்புகளைக் கண்ட நூல்களுள் ஒன்றாக அது பின்னர் ஆயிற்று.

அந்த நூல் வெளிவந்த காலத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். 1642இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1651இல்தான் ஓய்ந்திருந்தது. மன்னர் முதலாம் சார்ள்ஸ் 1649 சனவரி 30ஆம் திகதி, தம்முடைய மாளிகையின் முன்பாகவே சிரச்சேதம் செய்யப்பட்டார். நாடக அரங்குகள் போர் தொடங்கிய ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டன. பொதுச் செபநூல் 1645இல் தடைசெய்யப்பட்டது. 1647இல் நத்தார்ப் பண்டிகையும் விலக்கப்பட்டது. பழைய திருச்சபையின் குருமார் பலர் தங்கள் கோயில்களிலிருந்து விரட்டப்பட்டிருந்தனர். வோல்ற்றனின் நூல் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னர், ஏப்ரல் 20ஆம் திகதி, ஒலிவர் குரொம்வெல் படைவீரர்களோடு பாராளுமன்றத்துள் நுழைந்து எஞ்சியிருந்த உறுப்பினர்களையும் வெளியேற்றினார். இப்படியான வேளையில் ஒருவர் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறார். போரைப் பற்றி நேராகப் பேசும் பகுதி அந்நூலில் இல்லையென்றே சொல்லலாம்.

இதை வைத்துக்கொண்டு பலரும் வோல்ற்றனை உலக நடப்பறியாத, வெள்ளை மனங்கொண்ட ஒரு கிழவராகவே வரைந்துவிட்டார்கள். பாடநூல்களில் வரும் வோல்ற்றன் அத்தகையவர்தான். ஆனால் ஏறத்தாழ மூன்று தசாப்தப் போருக்குப் பின் 2009இல் வெடியோசை அடங்கிய ஒரு நாட்டில் இருந்துகொண்டு அந்நூலை வாசிப்பவருக்கு, அதன் மௌனம் வேறுவிதமாகக் கேட்கும். போரிலே தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒருவர், தம்மவர் அச்சமின்றிக் கூடிப் பேசக்கூடிய ஓர் இடத்தைத் தேடுகிறார். கோயில் போய்விட்டது, அரங்கு போய்விட்டது, அரசவை போய்விட்டது. ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் இருவரை எந்தப் படைவீரனும் விசாரிக்கப் போவதில்லை.

தூண்டில் மனிதருக்குப் புதியதன்று. நம்முடைய பெரும்பாணாற்றுப்படையிலே பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கிற் கழியில் நாண் பூட்டி, தோற்பையில் இரையோடு குளக்கரைக்கு வருகிறான். வாளைமீன் முள்ளை விட்டு இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. பிறகு கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் ஆடினாலும் அதைக் கண்டு அந்த மீன் வெருளுகிறதாம். மீனின் மனத்துக்குள் இவ்வளவு தூரம் இறங்கிப் பார்த்தவர் உருத்திரங்கண்ணனார். ஆனாலும் பாண்மகனுக்கு அது வயிற்றுப்பாடு. வாளை தப்பினால் அன்றைய உணவு தப்பியது. ஒன்றும் அகப்படாவிட்டாலும் நாள் நன்றாகக் கழிந்தது என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பக் கூடியவர்தான் பொழுதுபோக்குத் தூண்டிற்காரர். அத்தகையவர்களுக்கு ஒரு தனிக் கூட்டமும், அந்தக் கூட்டத்துக்கு ஓர் இலக்கியமும் உண்டானது இங்கிலாந்தில்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவது பற்றி ஆங்கிலத்தில் அச்சேறிய முதற் கட்டுரை 1496இல் வைன்கின் டி வேர்ட் என்னும் அச்சகத்தாரால் வெளியிடப்பட்டது. அதை எழுதியவர் டேம் ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் கன்னியர்மடத் தலைவி என்று மரபு சொல்லும்; ஆய்வாளர் அதனை ஐயுறுவர். பன்னிரண்டு வகைச் செயற்கை ஈக்களை இறகாலும் கம்பளி நூலாலும் கட்டும் முறை அதிற் கூறப்படுகிறது. அளவுக்கு மிஞ்சிப் பிடிக்காதே, பிறருடைய வேலியை முறிக்காதே என்ற நல்லுரைகளும் உண்டு. ஆனால் அக்கட்டுரை தனிச் சிறுநூலாக வராமல், வேட்டையும் பருந்தாட்டமும் குலச்சின்னங்களும் பற்றிய பெரிய தொகுதியொன்றில் சேர்க்கப்பட்டது. ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் அதுவே மறைக்காமற் சொல்கிறது. சிறுநூலாக மலிவு விலைக்குப் போட்டால் கண்ட கண்ட சோம்பேறிகளும் வாங்கி வாசித்து மீனையெல்லாம் அழித்துவிடுவார்களாம்! யார் நம்மவர், யார் அயலவர் என்னும் கேள்வி இந்தக் கலையோடு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

வோல்ற்றன் இந்தப் பெரிய தொகுதிகளுக்குரிய குலத்தவர் அல்லர். 1593இல் ஸ்டஃபோர்ட் நகரிற் பிறந்தவர். பல்கலைக்கழகம் காணாதவர். இலண்டனுக்குத் தொழில் பழக வந்து, ஃபிளீட் வீதியிற் கடை வைத்தார். அவருடைய நற்பேறு, அவர் வாழ்ந்த பங்கின் குருவாக ஜோன் டன் வந்து சேர்ந்ததுதான். மாபெருங் கவிஞரும் பிரசங்கியுமான அவரோடு ஒரு கடைக்காரருக்கு நட்பு உண்டாயிற்று. டன்னின் வாழ்க்கை வரலாற்றை 1640இல் வோல்ற்றன் எழுதினார். அதன்பின் ஹென்றி வோட்டன், ரிச்சர்ட் ஹூக்கர், ஜோர்ஜ் ஹேபர்ட், ரொபர்ட் சண்டர்சன் ஆகியோரின் வரலாறுகளும் அவர் கையால் வந்தன. ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு ஓர் இலக்கிய வகையாக உருப்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தூண்டில் நூலின் புகழ் அதை மறைத்துவிட்டது. ஹென்றி வோட்டன் ஈட்டன் கல்லூரியின் தலைவர். வோல்ற்றனோடு ஆற்றங்கரையில் அமர்ந்தவர். தூண்டிலைப் புகழ்ந்து ஒரு நூல் எழுத அவர் எண்ணியிருந்தார். எழுதாமலே 1639இல் மறைந்தார். அந்தக் கடனைத்தான் வோல்ற்றன் தீர்த்தார் எனலாம்.

வீட்டுக்குள்ளும் துயரம் குறைவில்லை. முதல் மனைவி ரேச்சல் 1640இற் காலமானார். அவருக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் ஒருவரும் வளர்ந்து ஆளாகவில்லை. தூண்டில் நூலின் மகிழ்ச்சியை எளிதாகக் கிடைத்த மகிழ்ச்சி என்று எண்ணுபவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை மனத்துக் கிழவர் செய்த காரியமொன்று உண்டு. 1651 செப்டெம்பர் 3ஆம் திகதி வூஸ்டர் போரில் இளவல் சார்ள்சின் படை சிதறியது. தப்பியோடிய அவருடைய கார்ட்டர் விருதுப் பதக்கம், வைரமிழைத்தது, தளபதி பிளேக் என்பவரின் பொறுப்பில் ஸ்டஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டிலே ஒளித்து வைக்கப்பட்டது. பிளேக் பிடிபட்டு இலண்டன் கோபுரச் சிறையிலே அடைக்கப்பட்டார். அந்தப் பதக்கத்தைக் கைமாற்றாகப் பெற்று, குரொம்வெல்லின் காவல் நிறைந்த பாதைகளினூடாக இலண்டனுக்குக் கொண்டுசென்று, உரியவரிடம் சேர்ப்பித்தவர் வோல்ற்றன். பிளேக் பிறகு சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து அதனைத் தம் அரசரிடம் கொடுத்தார். எலையஸ் ஆஷ்மோல் தாம் எழுதிய கார்ட்டர் விருது வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிடிபட்டிருந்தால் வோல்ற்றனின் கதை அங்கேயே முடிந்திருக்கவும் கூடும். இதற்கு இரண்டு ஆண்டுகள்கூட நிறையுமுன் வந்ததுதான் தூண்டில் நூல்.

நூல் உரையாடலாக அமைந்தது. மே மாதத்துக் காலைப்பொழுதிலே இலண்டனுக்கு வடக்கே டொட்டனம் மேட்டில் வழிப்போக்கர்கள் சந்தித்து, லீ ஆற்றையொட்டி வெயார் ஊர் நோக்கி நடக்கிறார்கள். முதற் பதிப்பில் தூண்டிற்காரரும் வழிப்போக்கரும் இருவர்தான். 1655இல் வந்த இரண்டாம் பதிப்பில் வழிப்போக்கர் வேட்டைக்காரராகிறார். பருந்தாட்டுபவர் ஒருவரும் சேர்கிறார். யாருடைய கலை உயர்ந்தது என்று வழக்காடுகிறார்கள். வேட்டைக்காரர் மெல்லமெல்லத் தோற்று, தூண்டிற்காரரின் மாணாக்கராகிறார். தோற்றவர் வெட்கப்படவோ வென்றவர் எக்களிக்கவோ இல்லை. வாதத்திலே தோற்பது நட்பின் தொடக்கமாகிவிடுகிறது. நாட்டிலே அப்போது நடந்துகொண்டிருந்ததற்கு இது நேர்மாறானது என்பதை அக்கால வாசகருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருந்திராது.

மாலையானதும் அவர்கள் ஒரு சத்திரத்துக்குப் போகிறார்கள். சுவரெல்லாம் கதைப்பாட்டுத் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. படுக்கை விரிப்பில் லவெண்டர் மணக்கிறது. வேறு தூண்டிற்காரர்கள் வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு பாட்டுப் பாடுகிறார்கள். வயல்வெளியிலே பால்காரப் பெண்ணும் தாயும் மார்லோவின் பழைய பாட்டையும் அதற்கு ராலி எழுதிய மறுமொழியையும் பாட, பரிசாக ஒரு மீன் கொடுக்கப்படுகிறது. எலிசபெத் அரசியாரின் காலத்துப் பாட்டுகள் அவை. ஊர்த் திருவிழாக் கம்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்ட நாட்களில் இப்பாட்டுகளை ஒரு மீன்பிடி நூலுக்குள் வைப்பது சும்மா செய்த காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்துக்காட்டாகப் புகழப்படும் தூண்டிற்காரர்களும் பெரும்பாலும் பழைய திருச்சபையைச் சார்ந்தவர்கள். புனித பவுல் பேராலயத் தலைவராயிருந்த அலெக்சாண்டர் நோவெல் தம் நேரத்தில் பத்திலொன்றைத் தூண்டிலுக்கு ஒதுக்கினார், பிடித்த மீனையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று வோல்ற்றன் சொல்கிறார். தூண்டிற்காரர் அனைவரையும் அவர் சகோதரர் என்று அழைப்பார். நூலின் முடிவில் வருவது, அமைதியாயிருக்கக் கற்றுக்கொள்ளும்படி பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்குச் சொன்ன அறிவுரை. ஆயுதத்தைக் கீழே வைக்க நேர்ந்த ஒரு தரப்பாருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். இன்று நம்முடைய பையன்கள் தங்கூசியில் தூண்டில் கட்டுகிறார்கள். வோல்ற்றனின் நாண் குதிரை வால்மயிர். பல மயிர்களை முறுக்கி, கழியின் நுனியிலேயே கட்டிவிடுவார்கள். நாண் சுற்றும் உருளை அப்போதுதான் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மீன் இழுத்தால் கழியையே ஆற்றில் எறிந்துவிட்டு, மீன் களைத்தபின் தேடி எடுப்பதுதான் வழி. பொறுமையைக் குணமாக மட்டுமன்றித் தொழில்நுட்பமாகவும் கொண்ட காலம் அது.

நூலுக்குக் குறைகளும் உண்டு. கெளுத்தி போன்ற இரைகொல்லி மீனான பைக், ஒருவகை நீர்ப்பூண்டிலிருந்து வெயிலின் வெப்பத்தால் உற்பத்தியாகிறது என்று பழைய நூலோர் சொன்னதை அவர் அப்படியே திரும்பச் சொல்கிறார். உயிருள்ள தவளையை முள்ளிலே கோத்துக் கட்டும் விதத்தை விரிவாக விளக்கி, அதை அன்பு வைத்தவர்போல் மெதுவாகக் கையாளச் சொல்லும் இடம் எவரையும் சங்கடப்படுத்தும். பைரன் தமது 'டொன் ஜுவான்' காவியத்தில் இந்தக் கிழவரின் தொண்டையிலும் ஒரு தூண்டில் முள் இருக்கவேண்டும் என்ற பொருள்பட ஏசினார். மற்றொன்று, இரவல். செயற்கை ஈக்களைப் பற்றிய செய்திகளை 1651இல் நூலெழுதிய தோமஸ் பார்க்கரிடமிருந்து பெற்றதை வோல்ற்றன் தாமே ஒப்புக்கொள்கிறார். ஆனால் 1577ஆம் ஆண்டு அச்சான ஒரு தூண்டில் நூலின் ஒரேயொரு பிரதி 1954இல் வெளிப்பட்டபோது இலக்கிய உலகம் திடுக்கிட்டது. அதிலும் தூண்டிற்காரர், வழிப்போக்கர் என்னும் அதே இருவரின் உரையாடல்! அக்காலத்தில் இரவலைக் களவாக யாரும் எண்ணவில்லை என்பது உண்மை. ஆயினும் அந்தப் பழைய நூலில் அறிவுரை இருக்கிறது, ஆற்றங்கரை இல்லை. வோல்ற்றனுடையது எது என்பதை அந்தக் கண்டுபிடிப்பே நமக்குத் தெளிவாக்கியது.

சகோதரத்துவத்தின் எல்லையைக் காட்ட அவர் காலத்திலேயே ஒருவர் இருந்தார். ரிச்சர்ட் பிராங்க் என்பவர் குரொம்வெல்லின் குதிரைப்படையில் இருந்தவர். 1650களில் ஸ்கொட்லாந்து முழுதும் தூண்டிலோடு சுற்றி, சமன் மீன் பிடிப்பதை அனுபவத்தோடு எழுதினார். 'வடதிசை நினைவுகள்' என்னும் அந்நூல் 1658இல் எழுதப்பட்டும் 1694இல்தான் அச்சேறியது. வோல்ற்றனைக் கண்டால் அவருக்கு ஆகாது. பிறர் நூல்களைப் பார்த்து எழுதுபவர், தாமாக ஒன்றும் அறியாதவர் என்று சாடுகிறார். ஸ்டஃபோர்ட் நகரில் நேரிற் சந்தித்து, பைக் மீன் பூண்டிலிருந்து பிறப்பதெப்படி என்று மடக்கிக் கேட்டதாகவும், வோல்ற்றன் சினந்து எழுந்து போய்விட்டதாகவும் பிராங்க் சொல்கிறார். அறிவியலில் பிராங்க் சொன்னதே சரி. தூண்டில் வித்தையிலும் அவரே கைதேர்ந்தவர் என்று வல்லுநர் சொல்வர். ஆனால் 1821இல் பிராங்கின் நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்த வோல்ட்டர் ஸ்கொட், அந்த ஸ்கொட்லாந்துப் பயணத்தை வோல்ற்றனல்லவா செய்திருக்கவேண்டும் என்று முன்னுரையிலே ஏங்குகிறார். பிராங்கின் நடை அவ்வளவு கரடுமுரடு. ஒரே ஆற்றங்கரைகளில் நடந்த இரு நல்ல தூண்டிற்காரர்கள், போர் முடிந்த பின்னும் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்க முடியவில்லை. வென்றவரின் நூலை இன்று ஆய்வாளர் மட்டுமே தேடுகிறார்கள்.

அதற்கு மாறாகச் சார்ள்ஸ் கொற்றனின் கதை. வோல்ற்றனைவிட முப்பத்தேழு வயது இளையவர். நிலப்பிரபு, கவிஞர், பின்னாளில் மொந்தேனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். நகைச்சுவையில் எல்லை மீறுபவர். கடன்காரருக்கு அஞ்சித் தம் காணியிலிருந்த குகையொன்றில் ஒளிந்தவர் என்றும் சொல்வார்கள். செபமும் ஒழுக்கமுமாக வாழ்ந்த கிழவருக்கும் இந்த மனிதருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்டால், டவ் ஆறுதான் விடை. அவர் வோல்ற்றனைத் தந்தை என்று அழைத்தார். 1674இல் அந்த ஆற்றங்கரையிலே ஒரு சிறு கல்வீடு கட்டி, வாசலின் மேலே இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் பின்னிப் பொறித்து வைத்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. 1676இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, தெளிந்த நீரில் செயற்கை ஈயால் ட்ரவுட் மீனைப் பிடிப்பது பற்றிக் கொற்றன் பத்தே நாட்களில் எழுதிக்கொடுத்த இரண்டாம் பாகம் அதனோடு சேர்க்கப்பட்டது. வோல்ற்றன் புழுவால் பிடிப்பவர். ஈயின் நுட்பம் தமக்குப் போதாது என்று அறிந்து, தம் நூலின் ஒரு பாதியை இளையவரிடம் விட்டுக்கொடுத்தார். எழுத்தாளர்களிடையே இது அடிக்கடி நடக்கும் காரியமன்று.

வோல்ற்றன் காட்டிய ஆற்றங்கரை, பின்னர் வந்த நூற்றாண்டுகளிலே மெல்லமெல்ல வேலியிடப்பட்டது. நல்ல ட்ரவுட் ஓடும் கரைகள் குத்தகைக்குப் போயின, கழகங்கள் தோன்றின. சகோதரர் என்ற சொல் மறையவில்லை; ஆனால் அதற்குச் சந்தாப் பணமும் சிபாரிசும் வேண்டியிருந்தன. பேரரசு போன இடமெல்லாம் தூண்டிலும் போயிற்று. ட்ரவுட் முட்டைகளைப் பனிக்கட்டிக்கிடையே பொதிந்து கப்பலில் அனுப்பி, 1864இல் தஸ்மானியாவில் உயிரோடு சேர்ப்பித்தார்கள். இலங்கைக்கு அந்த முயற்சி 1880களில் வந்தது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியிருந்தது. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகள் துரைமாருக்கு ஸ்கொட்லாந்தை நினைவூட்டின. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைக்கப்பட்டது. முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் தாமாக இனம்பெருக்கி நிலைக்கவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட், ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் ஊன்றிவிட்டது. அவ்வோடைகளில் மட்டும் வாழும், இந்நாட்டுக்கே உரிய ஒருவகைச் சிற்றிறாலுக்கு இந்த விருந்தாளியால் ஆபத்து என்று சூழலியலாளர் இன்று சொல்கிறார்கள். வோல்ற்றனின் சகோதரர் என்ற சொல் மலையகத்துக்கு வந்தபோது அது துரைமாரோடு நின்றுவிட்டது. ஓடையின் இருமருங்கும் கொழுந்து பறித்தவர்களை அச்சொல் எட்டவில்லை. பால்காரப் பெண்ணுக்கு மீன் கொடுத்து அவளுடைய பாட்டைக் கேட்ட நூல் ஒன்று அந்தப் பங்களாக்களின் அலுமாரிகளிலும் இருந்திருக்கக்கூடும்.

உப்புநீரிலே கதை வேறுவிதமாகத் தொடங்கியது. கடல் என்றால் தொழில், கைக்கயிற்றால் இழுப்பது. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கப்பால் உள்ள கற்றலினா தீவுக்கு 1886இல் வந்த சார்ள்ஸ் பிரெடெரிக் ஹோல்டர், கரையில் நின்றவர்கள் தடித்த கயிறுகளால் பெரும் மீன்களை இழுத்துக் குவித்து வீணாக்குவதைக் கண்டு மனம் பொறாதவரானார். மெல்லிய நாணும் கழியும் கொண்டு மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று வாதித்து, 1898இல் சூரை மீன் கழகத்தை அங்கே நிறுவினார். அதே ஆண்டு சூன் முதலாம் திகதி 183 றாத்தல் எடையுள்ள சூரையொன்றை ஏறத்தாழ நான்கு மணிநேரம் போராடிப் பிடித்தார். ஆழ்கடலிலே கழியும் நாணும் கொண்டு பெருமீன் பிடிக்கும் வழக்கம் ஓர் ஒழுங்குமுறையான விளையாட்டானது இங்கிருந்துதான் எனலாம். சாகசக் கதைகள் எழுதிப் பொருள் குவித்த சேன் கிரே அக்கழகத்தின் பெருமைக்குரிய உறுப்பினராயிருந்தார். அவர் பெருமையோடு பிடித்த வாள்மீனைவிடப் பெரியதொன்றை ஒரு பெண்மணி பிடித்துவிட, அதை நம்ப மறுத்துப் பேசி, இறுதியில் கழகத்தை விட்டே விலகினார் என்ற கதை அங்கே வழங்குகிறது. ஆங்கிலத்தின் முதல் தூண்டில் நூலே ஒரு பெண்ணின் பெயரால் வழங்குவது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லைப் போலும். பிரித்தானியாவில் கழியால் பிடிக்கப்பட்ட மிகப் பெரிய சமன் மீன், 64 றாத்தல், 1922 ஒக்டோபர் 7ஆம் திகதி டே ஆற்றிலே ஜோர்ஜினா பலண்டைன் பிடித்தது. அது இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

ஹெமிங்வேயையும் இவ்விடத்தில் மறக்கமுடியாது. 1939இல் மைக்கேல் லேர்னரின் முயற்சியால் நியூயோர்க்கில் சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் தோன்றியது; பிடிபட்ட மீன்களின் எடையைப் பதிவு செய்வதற்கும் விதிகள் வகுப்பதற்குமான அமைப்பு. ஹெமிங்வே அதன் உபதலைவர்களுள் ஒருவராக நெடுங்காலம் இருந்தார். விலையுயர்ந்த கழிகளும் சொந்தப் படகும் வைத்திருந்த அவர், 1952இல் வெளிவந்த தம் சிறந்த கடற்கதையை எழுத உட்கார்ந்தபோது கழகத்து நண்பர் எவரையும் நாயகராக்கவில்லை. தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ள அந்தக் கதையின் கிழவன் ஓர் ஏழைக் கியூபத் தொழிலாளி. கையிலே வெறுங் கயிறு. மீனைத் தன் சகோதரன் என்று அழைப்பவனும் அவனே.

இனி இங்கிலாந்துக்குத் திரும்பவேண்டும்; ஏனெனில் தூண்டிற் சகோதரர்களின் மிகக் கசப்பான சண்டை அங்கேதான் நடந்தது. சண்டையின் பொருள் நகைப்புக்கிடமானது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஊறி வரும் ஹம்ப்ஷயர் ஆறுகளின் நீர் கண்ணாடி போன்றது. அங்கே ட்ரவுட்டைப் பிடிக்க, நீரின் மேல் மிதக்கும் உலர்ந்த செயற்கை ஈயை மட்டுமே எறியவேண்டும் என்று பிரெடெரிக் ஹல்போர்ட் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்களால் ஒரு நெறி வகுத்தார். அது விரைவில் வேதமாகிவிட்டது. ஜோர்ஜ் எட்வர்ட் மக்கென்சி ஸ்கியூஸ் என்னும் இலண்டன் சட்டத்தரணி, ட்ரவுட்டின் வயிற்றைத் திறந்து பார்த்து, அது உண்பதிற் பெரும்பகுதி சிறகு முளைக்காத, நீருக்குள் வாழும் பருவத்துப் பூச்சிகளே என்று கண்டார். அப்படியானால் ஈயை நீருக்குள் அமிழ்த்திப் பிடிப்பதில் என்ன குற்றம் என்று 1910இல் ஒரு நூலிற் கேட்டார். ஹல்போர்ட் 1914இல் மறைந்தார். அவருடைய அடியார்கள் மறையவில்லை. 1938 பெப்ரவரியில் இலண்டன் ஈத்தூண்டிற்காரர் கழகத்தில் இதற்கென்றே ஒரு விவாதம் கூட்டப்பட்டது. எண்பது வயதை அணுகிக்கொண்டிருந்த ஸ்கியூஸ் எழுந்து தம் கட்சியைப் பேசினார். அவையின் மனம் அவர் பக்கம் இல்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளாக, 1883 முதல், வின்செஸ்டர் நகருக்கு அயலே இச்சென் ஆற்றில் தாம் தூண்டில் போட்டுவந்த அபட்ஸ் பார்ட்டன் நீரை அதே ஆண்டு அவர் விட்டு நீங்கினார். பிராங்கைப் போலவே இவரும் உண்மையைச் சொன்னவர். ஆனால் இவர் வைதவர் அல்லர். எதிர்த்தவர்களையும் தம் எழுத்தில் மரியாதையோடு நடத்தினார். இன்று உலகெங்கும் ட்ரவுட் பிடிப்போர் பெரும்பாலும் அவர் வழியையும் கையாள்கிறார்கள்.

ஸ்கியூஸ் 1949இற் காலமானார். அவருடைய சாம்பல் இச்சென் ஆற்றங்கரையிலேயே தூவப்பட்டது. அங்கிருந்து ஆற்றோடு நடந்து நகருக்குள் வந்தால் வின்செஸ்டர் பேராலயம். முடியாட்சி 1660இல் மீண்ட பிறகு வோல்ற்றன் தம் நண்பரான ஆயர் ஜோர்ஜ் மோர்லியின் ஆதரவில் இந்நகரில் வாழ்ந்தார். 1683 டிசம்பர் 15ஆம் திகதி, கடுங்குளிரில், தொண்ணூறு வயதில், மகள் வீட்டில் அவருயிர் பிரிந்தது. பேராலயத்தின் தென்புறச் சிற்றாலயமொன்றிலே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரம் 1914இல் இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் பணம் சேர்த்து அமைத்தது. அதன் ஒரு மூலையில் இச்சென் ஆறு ஓடுகிறது. கரையிலே கிழவர் அமர்ந்திருக்கிறார். தூண்டிற்கழி பக்கத்திலே கிடக்கிறது. அவர் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறார்.